அவரைப் பந்தலும் அசுவினியும்

ரயில்வே சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றபின், ஜபல்பூர் வீட்டின் கொல்லையில் அவரைப் பந்தல் போட்டேன். மண் காயாமலிருக்கவும் தழைச்சத்து சேரவும் பந்தலடியில் மூடுபயிராகக் காராமணி விதைத்தேன். கார்த்திகையில் காராமணி முற்றியது. சில நாட்களிலேயே அவரைப் பூங்கொத்துகளில் எள்ளைக் கொட்டியது போல் கருப்பு அசுவினி! பொங்கலுக்குச் சங்க நண்பர்களுக்கெல்லாம் காய் தருவதாகச் சொல்லியிருந்தேன். ஒரு கூடைகூடத் தேறவில்லை.

"காராமணியிலேருந்துதான் ஏறியிருக்கு" என்றாள் என் மனைவி. டிப்ளமோ படித்தவன் லேசில் ஒப்புக்கொள்வேனா? புத்தகங்களைப் புரட்டினேன். அவள் சொன்னதே சரி. காராமணியும் அவரையும் ஒரே குடும்பம். இந்த அசுவினிக்கு இரண்டும் விருந்து. ஆண் துணையின்றியே குஞ்சு போடும் பூச்சி இது. பிறக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும். ஒத்த செடியும் இதமான சூடும் கிடைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தக் குஞ்சும் தாய். செடி முற்றி நெருக்கடி மிகுந்தால் இறக்கையுள்ளவை தோன்றி வேறு செடி தேடிப் பறக்கும்.

செடி ஒத்ததா என்று அசுவினி குத்திப் பார்த்தே அறிகிறது. அதைக் கண்டறிந்த முறைதான் என்னை அசத்தியது. எங்கள் 'டிராக் சர்க்யூட்'டில், வண்டியின் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களை இணைத்ததும் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். 1964இல் கலிஃபோர்னியாவில் மக்லீன், கின்ஸி என்ற இருவர் அசுவினியையே சர்க்யூட்டில் சேர்த்துவிட்டார்கள்! முதுகில் மெல்லிய கம்பி. மற்றொரு கம்பி செடிப்பக்கம். ஊசிவாய் உள்ளே இறங்கினால் சுற்று பூர்த்தியாகும். தாளில் விழும் கோட்டைப் பார்த்தே, துழாவுகிறதா, எச்சில் விடுகிறதா, சாறு உறிஞ்சுகிறதா என்று சொல்லிவிடலாம். ஒவ்வாத செடியில் குத்திக் குத்தி எடுத்துவிட்டு நடையைக் கட்டும். ஒத்த செடியிலோ மணிக்கணக்கில் நகராது.

மறு வருடம் காராமணிக்குப் பதில் ஓட்ஸ் விதைத்தேன். அதிலும் அசுவினி வந்தது, பச்சை நிறத்தில். ஆனால் அது புல்லினத்தை விட்டு அவரைக்கு வராத ஜாதி. அதைத் தின்ன வந்த பொறிவண்டுகள் பந்தலிலும் ஏறின. கருப்பு அசுவினி அறவே ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு வருட அனுபவம் ஆராய்ச்சியாகிவிடாது. ஓட்ஸ் தழைச்சத்தும் தராது என்பதால் இரண்டு மூட்டை மாட்டெரு வாங்க வேண்டியிருந்தது. பொங்கலுக்கு மூன்று கூடை காய் பறித்தோம். இரண்டு கூடை சங்கத்துக்குப் போயிற்று.