4.3 மில்லிமீட்டர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உழவர்கரை நகராட்சியில் 3,00,104 பேர். புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகள் இரண்டும் உழவர்கரைப் பக்கம்தான் உள்ளன. சிறு பட்டறையானாலும் ஒரு கம்ப்ரசர் இருக்கும். அதனுடன் உருளை வடிவில் ஒரு காற்றுக் கலன், தொழிலாளர் வாயில் 'ஏர் டேங்க்', இருக்கும். இக்கட்டுரையின் கணக்கு அந்தக் கலனைப் பற்றியது.

தொழிற்சாலைகள் சட்டம் 1949 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரிக்கு அது 1963 அக்டோபர் 1 அன்றுதான் வந்தது. இடைவெளி 14 ஆண்டு 6 மாதம். கொதிகலன்களுக்கான சட்டம் அதைவிட மூத்தது. 1863இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்து உயிர்கள் பலியாயின. மறு ஆண்டே வங்காளத்தில் ஆய்வுச் சட்டம் பிறந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1923இல் வந்தது. அதற்குப் பதிலாக 2025இல் வந்த புதிய கொதிகலன் சட்டம், 7 குற்றங்களில் உயிருக்கு ஆபத்தான 4க்கு மட்டும் குற்றவியல் தண்டனையை வைத்துக்கொண்டது. கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைந்தாலோ, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்தாலோ அது சட்டப்படி கொதிகலன் ஆகாது. காற்றுக் கலனில் நீராவி உற்பத்தி இல்லை. எனவே அதுவும் கொதிகலன் அல்ல. அதைக் கவனிப்பது தொழிற்சாலை விதிகள். (2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைகள் சட்டம், 13 சட்டங்களை ஒன்றாக்கிய தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது.)

மாநிலங்கள் பின்பற்றிய மாதிரி விதியில் கால அளவுகள் இவை: வெளிப்புற ஆய்வு 6 மாதத்துக்கு ஒருமுறை, உட்புற ஆய்வு 12 மாதத்துக்கு ஒருமுறை. அமைப்பு காரணமாக உள்ளே பார்க்க முடியாத கலனுக்கு, அதற்கு ஈடாக 2 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. சோதனை அழுத்தம், வடிவமைப்பு அழுத்தத்தின் 1.25 மடங்கு, அனுமதிக்கப்பட்ட வேலை அழுத்தத்தின் 1.5 மடங்கு ஆகிய இரண்டில் எது குறைவோ அது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ 510 விதி, கலனின் எஞ்சிய ஆயுளில் பாதி அல்லது 10 ஆண்டு, எது குறைவோ அதற்குள் உட்புற ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. 12 மாதத்துடன் ஒப்பிட்டால் 10 ஆண்டு தாராளமாகத் தோன்றலாம். ஆனால் அந்த 10 ஆண்டு, தேய்மானத்தை அளந்து கணக்கிட்டவருக்கே கிடைக்கிறது.

சோதனைக்குத் தண்ணீரைப் பயன்படுத்துவதன் காரணம் ஆற்றல் கணக்கில் உள்ளது. 1,000 லிட்டர் கலனில் 10 பார் அழுத்தத்தில் உள்ள காற்று விரிந்தால் வெளிவரும் ஆற்றல் சுமார் 13.6 லட்சம் ஜூல். 1 டன் எடையை 139 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. அதே கலனில், அதே அழுத்தத்தில் தண்ணீர் இருந்தால் சுமார் 230 ஜூல். விகிதம் ஏறத்தாழ 6,000க்கு 1.

தகட்டின் கணக்குக்கு ஓர் உதாரணக் கலனை எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 1,000 மி.மீ., வடிவமைப்பு அழுத்தம் 10 பார் (1 மெகாபாஸ்கல்), தகடு எஸ்ஏ 516 தரம் 70, அனுமதிக்கும் தகைவு 138 மெகாபாஸ்கல். வெல்டிங் இணைப்புகளில் சிலவற்றை மட்டும் எக்ஸ்ரே எடுத்திருந்தால் இணைப்புத் திறன் 0.85, அப்போது தேவையான குறைந்தபட்சத் தடிமன் 4.3 மி.மீ. எல்லாவற்றையும் எடுத்திருந்தால் 3.6 மி.மீ. போதும், எதையும் எடுக்காவிட்டால் 5.2 மி.மீ. வேண்டும். ஆகவே கலன் செய்த நாளின் ஆவணம் தொலைந்துபோனால், ஆய்வாளரின் கணக்கில் 1.6 மி.மீ. வரை ஐயம் நுழைகிறது.

இக்கலன் 8.0 மி.மீ. தகட்டில் செய்யப்பட்டது என்று கொள்வோம். 10 ஆண்டு கழித்து நடுப்பகுதியில் 7.0 மி.மீ. இருந்தால் தேய்மானம் ஆண்டுக்கு 0.1 மி.மீ.; 4.3 மி.மீ.க்கு இறங்கும்வரை எஞ்சிய ஆயுள் 27 ஆண்டு. காற்றிலுள்ள ஈரம் அடியில், வடிகுழாயைச் சுற்றித் தேங்கும். அங்கே அளவு 6.0 மி.மீ. என்றால் தேய்மானம் இரட்டிப்பு, எஞ்சிய ஆயுள் 8.5 ஆண்டு. ஏபிஐ கணக்கில் அடுத்த ஆய்வு 4 ஆண்டு 3 மாதத்துக்குள் நடக்க வேண்டும். ஒரே கலன், ஒரே நாள், இரண்டு விடைகள்: 27, 8.5. கைக்கு எட்டும் பக்கவாட்டில் மட்டும் அல்ட்ராசோனிக் கருவியை வைத்து அளந்தால் முதல் விடைதான் வரும்.

நீரழுத்தச் சோதனை இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதே தகடு 3.0 மி.மீ. வரை அரித்துவிட்டது என்று கொள்வோம், தேவையைவிட 1.3 மி.மீ. குறைவு. 12.5 பார் சோதனையில் தகட்டில் எழும் தகைவு 208 மெகாபாஸ்கல். தகடு நிலையாக உருக்குலையத் தொடங்கும் எல்லை 260. கலன் ஒழுகாது, உப்பாது, தேறிவிடும். ஆனால் அன்றாட 10 பாரிலேயே அதன் தகைவு 167. இணைப்புத் திறன் 0.85ஐ 138ஆல் பெருக்கினால் கிடைக்கும் அனுமதி 117; அதைவிட இது 42 சதவீதம் கூடுதல். உள்ளே பார்க்க வழியிருந்தும் சோதனைச் சான்றிதழோடு நிறுத்திக்கொள்வதை இந்தக் கணக்கு ஆதரிக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. 1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் காலணித் தொழிற்சாலைக் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த இரு தகடுகளுக்கு நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரிசல் இருந்தது.

உள்ளே போவதற்கும் அளவுகள் உண்டு. ஆள் நுழையும் துளை நீள்வட்டமானால் 16 அங்குல நீளம், 14 அங்குல அகலம். வட்டமானால் 16 அங்குல விட்டம். இவை குறைந்தபட்சம். கையில் எடுத்துச்செல்லும் மின்விளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், உள்ளே 19.5க்குக் குறைந்தால் நுழைவதில்லை. துருவும் ஆக்சிஜனைத் தின்றே வளர்கிறது. வெறும் காற்று இருந்த கலன்தானே என்று அளக்காமல் இறங்குவது தவறு.

ஆலைகளின் ஊரான புதுச்சேரிக்கு நெருக்கமான ஒரு விதியும் இருக்கிறது. பாவு நூலுக்குக் கஞ்சியேற்றும் சைசிங் பிரிவின் செப்பு உருளைகளுக்கு, முதல் 5 ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் வேலை அழுத்தத்தில் தொடக்க அளவின் 5 சதவீதத்தைக் கழிக்க வேண்டும்; 20 ஆண்டுக்குமேல் ஓட்டக் கூடாது. கடைசி நாளில் மிஞ்சும் அனுமதி 25 சதவீதம். 1898இல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. இந்த 122 ஆண்டுகளுக்கு, ஒரே வரிசையில் கணக்கிட்டால், உருளைகள் குறைந்தது 7 தலைமுறை வேண்டும்.

அழுத்தக் கலன் ஆய்வைச் செய்ய 'தகுதி வாய்ந்த நபர்' ஆவதற்கு, மாதிரி விதிப்படி இயந்திரவியல், வேதியியல், மின்னியல், உலோகவியல் ஆகியவற்றில் ஒன்றில் பொறியியல் பட்டமும் அழுத்தக் கலன்களின் வடிவமைப்பு, இயக்கம், பராமரிப்பு அல்லது சோதனையில் 10 ஆண்டு அனுபவமும் வேண்டும். லிஃப்ட் ஆய்வுக்கு 7 ஆண்டு போதும். விண்ணப்பத்தின் மீது தலைமை ஆய்வாளர் 60 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். ஏபிஐ 510 சான்றிதழுக்குப் பொறியியல் பட்டதாரியிடம் கேட்பது 1 ஆண்டு அனுபவம். ஆனால் 170 கேள்விகள் கொண்ட தேர்வு உண்டு, 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஒன்று அனுபவத்தை எடைபோடுகிறது, மற்றொன்று தேர்வை. வளைகுடாவுக்குப் போகும் நம் இளைஞர்களுக்கு இரண்டாவது உதவும்; உள்ளூரில் கையொப்பமிட முதலாவதே செல்லும்.

தகுதி வாய்ந்த நபருக்கு வயது வரம்பு 62. 22 வயதில் பட்டம், 32இல் தகுதி என்றால் பணிக்காலம் 30 ஆண்டு. மேற்சொன்ன கலன் ஆண்டுக்கு 0.1 மி.மீ. மட்டும் தேய்ந்தால் அதன் ஆயுள் 37 ஆண்டு. அதை முதல் ஆண்டில் அளந்தவர் கடைசி 7 ஆண்டில் அளக்க இருக்கமாட்டார். தேய்மானம் என்பது ஒரே புள்ளியில் எடுத்த இரண்டு அளவுகளின் கழித்தல். முதலாமவர் எந்தப் புள்ளியில், வடிகுழாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி அளந்தார் என்பதை அறிக்கையில் வரைபடத்தோடு எழுதி வைத்தால்தான் அடுத்தவரால் அந்தக் கழித்தலைச் செய்ய முடியும்.