கூடத்தில் ஒரு குரல்

தில்லி, புணே போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், குரலுக்கு விடையளிக்கும் ஒலிபெருக்கி கூடத்தில் இடம்பெற்றுள்ளது. 'அலெக்சா' என்று விளித்தவுடன் அது வினாவை இணையவழியே தொலைவிலுள்ள கணினிகளுக்கு அனுப்பி, விடையைப் பெற்று உரைக்கிறது. 2017இல் ஆங்கிலம் பேசிக்கொண்டு இந்தியாவுக்கு வந்த இக்கருவி, 2019இல் இந்தியும் பேசத் தொடங்கியது.

அதனிடம் 'நிறுத்து', 'பாடு' என்னும் ஏவலே போதும். பிள்ளைகள் இத்தொனியிலேயே பெரியவர்களிடமும் பேசுவரோ எனப் பெற்றோர் சிலர் கவலையுற்றனர். 2018இல் அமெரிக்காவில், 'தயவுசெய்து' என்று கேட்கும் குழந்தையைப் பாராட்டும் வசதி சேர்க்கப்பட்டது. தமிழிலோ 'சொல்லுங்கள்' என்னும் வினையின் ஈற்றிலேயே மரியாதை அடங்கியுள்ளது, தனிச்சொல் வேண்டுவதில்லை.

தமிழ் மட்டும் அறிந்த பாட்டி பழைய பாடல் ஒன்றைக் கேட்க விரும்பினால், பெயர்த்தியே மொழிபெயர்த்துக் கேட்கிறாள். அவ்வேளையில் இருவரும் அருகருகே அமர்கின்றனர். ஆயினும், முன்பு பாட்டியை நாடிய வினாக்கள் இப்போது பெட்டியை நாடுகின்றன. 'இன்று மழை வருமா?' என்றால் பெட்டி ஒரே வரியில் முடித்துவிடும். பாட்டியோ, எறும்பு முட்டை சுமந்து மேலேறுவதைக் காட்டி, ஊர்க் கண்மாய் உடைந்த ஆண்டின் கதையையும் சேர்த்துச் சொல்வார். இடையில் தாத்தா மறுத்துப் பேசினால் கதை இன்னும் நீளும்.