மீன்பிடிப் படகில் உயிர்காப்பு அங்கி: தேர்வும் கொள்முதலும்

2024 ஜனவரியில் வடோதரா நகரின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 14 பேர் மாண்டனர். அவர்களுள் 12 பேர் பள்ளி மாணவர்கள். பயணம் செய்தோரில் பலர் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோரின் சிறு படகுகளுக்கும் இப்படிப்பினை பொருந்தும்.

அங்கியின் மிதப்பாற்றல் நியூட்டன் அளவில் குறிக்கப்படுகிறது. 50 நியூட்டன் அங்கி, கரையருகே நீந்தத் தெரிந்தோர்க்கு ஒரு துணையே. நினைவிழந்தவரின் முகத்தை மேல்நோக்கித் திருப்பும் எனக் கருதலாகாது. அமைதியான நீர்நிலைகளுக்கு 100 நியூட்டனும், திறந்த கடலுக்கு 150 நியூட்டனும் ஏற்றவை.

நுரைப்பொருள் அடைத்த அங்கிக்குப் பராமரிப்புக் குறைவு. ஆயினும் அது பருமனானது, வெயிலில் புழுக்கம் தருவது. கரியமில வாயுவால் ஊதிப் பெருகும் அங்கி இலகுவானது. ஆனால் அதன் வாயு உருளையை ஒவ்வொரு பயன்பாட்டிற்குப் பின்னரும் மாற்றுதல் வேண்டும். குறித்த காலத்தில் சோதித்தலும் அவசியம். சிறுவர்க்கு அவர்தம் எடைக்கேற்ற தனி அளவு தேவை. பெரியோர் அங்கி அவர்கள் தலைக்கு மேல் நழுவிவிடும்.

கொள்முதலில் மிகக் குறைந்த விலைப்புள்ளியே சிக்கனம் ஆகாது. உடலை உறுத்தும் அங்கி கழற்றி வைக்கப்படும். அணியப்படாத அங்கிக்குச் செலவிட்ட பணம் முழுவதும் வீணே. ஆகவே மாதிரியை உடுத்தி, ஆழமற்ற நீரில் சோதித்த பின்னரே மொத்தமாக வாங்குதல் நலம். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஓர் அங்கி என்பதே கணக்கு. அதன் இடம் பெட்டியன்று, உடலே.