ஊர்வலத்தின் முன்னே நடப்பவர் யார்?



கோயில் திருவிழா வந்துவிட்டால், முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் என்று ஊரே கூடிப் பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் பேச்சு முற்றிச் சண்டையாகி, பத்து வருடம் முகங்கொடுத்துப் பேசாதவர்களும் உண்டு. இது நம்மவர்களுக்கு மட்டுமே உரிய குணம் என்று நினைத்துவிடாதீர்கள். கடல்கடந்து நியூ யார்க் நகரில் குடியேறிய அயர்லாந்துக்காரர்களும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அயர்லாந்துக்காரர்கள் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். கான்வென்டில் படித்த பெண்களையும் லா சால் பள்ளிகளில் படித்த ஆண்களையும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பள்ளிகளில் பாடம் சொன்ன கன்னியர்களிலும் பிரதர்களிலும் பலர் அந்தச் சின்னஞ்சிறு தீவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சிங்கப்பூரில் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் 1933இல் திறக்கப்பட்ட செயின்ட் பேட்ரிக் பள்ளி தாங்கி நிற்பதும் அயர்லாந்தின் காவல் புனிதராகிய பேட்ரிக்கின் பெயரைத்தான்.

அந்தப் புனிதரின் திருநாள் மார்ச் 17. அன்று நியூ யார்க்கின் பெருஞ்சாலையாகிய ஐந்தாவது அவென்யூவில் ஊர்வலம் நடக்கிறது. காலை 11 மணிக்கு 44ஆம் தெருவில் புறப்பட்டு, 79ஆம் தெரு வரை போகிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நடக்கிறார்கள். துருத்திக் குழல் ஊதும் வாத்தியக் குழுவினர், தீயணைப்புப் படையினர், போலீசார், பள்ளிப் பிள்ளைகள், அயர்லாந்தின் 32 மாவட்டங்களின் பெயரால் அமைந்த சங்கத்தார் என்று கடைசி அணி வந்து சேர மாலையாகிவிடும். மோட்டார் வண்டிகளோ அலங்கார ரதங்களோ கிடையா. எவ்வளவு பெரிய மனிதராயிருந்தாலும் கால்நடைதான். மார்ச் 17 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் முதல்நாள் சனிக்கிழமையே நடத்திவிடுகிறார்கள். ஞாயிறு வழிபாட்டுக்குரிய நாள் அல்லவா?

இத்தனை பேருக்கும் முன்னால், தோளில் குறுக்கே பட்டை அணிந்து ஒருவர் நடந்து வருவார். அவரைக் கிராண்ட் மார்ஷல் என்று அழைக்கிறார்கள். நாம் ஊர்வலத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளமில்லாத பதவி, அதிகாரமும் இல்லை. ஒரே ஒரு நாள் முன்னால் நடக்கும் பெருமை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளுக்காக வாழ்நாளெல்லாம் காத்திருந்தவர்கள் உண்டு.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். ஊர்வலத்தின் பிறப்பைப் பார்த்தால் விளங்கும்.

முதல் ஊர்வலம் நடந்தது 1762இல். அமெரிக்கா என்றொரு நாடு பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு! அன்று நடந்தவர்கள் பிரிட்டிஷ் பட்டாளத்தில் சம்பளத்துக்குச் சேர்ந்திருந்த அயர்லாந்துச் சிப்பாய்கள். பிழைப்புக்கு வந்த இடத்தில் தங்கள் ஊர்த் திருநாளைக் கொண்டாடினார்கள், அவ்வளவே. பிறகு 1845இல் வந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். ஏழைகளின் ஒரே உணவான கிழங்கு நோய்கண்டு மண்ணுக்குள்ளேயே அழுகியது. சில ஆண்டுகளுக்குள் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு ஓடினார்கள். அப்படி ஓடி வந்தவர்களை அமெரிக்கா வரவேற்கவில்லை. வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் செய்து, அயர்லாந்துக்காரர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அடியில் ஒரு வரி சேர்த்தவர்களும் இருந்தார்கள். அத்தகைய மக்கள் ஆண்டுக்கு ஒரு நாள், நகரின் நடுச்சாலையில், தலைநிமிர்ந்து நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நடப்பவர் அவர்களின் முகமல்லவா? அந்த முகம் யாருடையது என்பது சின்ன விஷயமாகுமா?

ஊர்வலத்தலைவருக்கும் முன்பாக ஒரு ராணுவப் படைப்பிரிவு அணிவகுத்து வரும். 69ஆம் படைப்பிரிவு என்பது அதன் பெயர். 1851 முதல் அந்த உரிமை அதற்குத்தான். வேட்டைக்குப் பேர்போன நெடிய அயர்லாந்து நாய்களும் கூடவே நடந்து வருவது கண்கொள்ளாக் காட்சி! இந்தப் படையைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1860இல் இங்கிலாந்து இளவரசர் நியூ யார்க்கு வந்தார். அவருக்கு மரியாதை அணிவகுப்பு நடத்தும்படி எல்லாப் படைகளுக்கும் கட்டளை பிறந்தது. 69ஆம் படையின் தலைவர் கர்னல் மைக்கல் கார்கோரன், பஞ்சக் காலத்தில் அயர்லாந்தைவிட்டு வந்தவர். “என் ஆட்களை அனுப்பமாட்டேன்” என்று மறுத்துவிட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். விசாரணை முடிவதற்குள் 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இப்படிப்பட்ட ஆளைத்தானே போர்க்களத்துக்கு வேண்டும்! வழக்கைக் கைவிட்டு, படையோடு அவரை அனுப்பிவைத்தார்கள்.

சரி, தலைவர் விஷயத்துக்கு வருவோம். எல்லா ஆண்டும் தேர்வு சுமுகமாக நடந்துவிடுவதில்லை. 1983ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு பேராளர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர் மைக்கல் பிளானரி. அப்போது அவருக்கு வயது 81. டிப்பரேரி மாவட்டத்தில் பிறந்து, இளமையில் அயர்லாந்து விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்தியவர். 1927இல் அமெரிக்கா வந்தார். வட அயர்லாந்தில் கலவரம் வெடித்தபின், 1970இல் நோரெய்ட் என்ற நிதி அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். அந்தப் பணம் கைதிகளின் குடும்பங்களுக்கு என்றார் அவர். ஐ.ஆர்.ஏ. தீவிரவாதிகளின் குண்டுகளுக்குத்தான் போகிறது என்றன அரசாங்கங்கள். ஆயுதம் கடத்த முயன்றதாக அவர்மீது வழக்கும் நடந்து, 1982 இறுதியில்தான் குற்றமற்றவர் என்று விடுதலையாகியிருந்தார். சில மாதங்களில் ஊர்வலத்தலைவர் பட்டை!

ஊர் இரண்டுபட்டது. அயர்லாந்து அரசாங்கம் கலந்துகொள்ள மறுத்தது. ராணுவ வாத்தியக் குழுக்கள் விலகின. அயர்லாந்து வம்சாவளியினரான செனட்டர் மொய்னிகனும் முன்னாள் கவர்னர் ஹியூ கேரியும் வரவில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி ஒன்று காத்திருந்தது. ஊர்வலம் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைக் கடக்கும்போது கர்தினால் வாசலில் நின்று தலைவரை வரவேற்பது வழக்கம். அன்று கர்தினால் டெரன்ஸ் குக் ஆண்டகை வெளியே வரவில்லை. பிளானரி கடந்து போகும்வரை பேராலயத்துக்குள்ளேயே இருந்தார். போன பிறகே படியில் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு மனிதர் தம் மறுப்பைச் சொன்ன விதம் அது.

யார் செய்தது சரி? பிளானரிக்கு வாக்களித்தவர்கள், இது எங்கள் விழா, யாரை மதிப்பது என்று வெளியார் சொல்ல வேண்டாம் என்றார்கள். அவர்கள் ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தப் பட்டையைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள் என்பதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இந்தச் சண்டைக்கு ஆறு வருடம் கழித்து, சத்தமில்லாமல் ஒரு பெரிய காரியம் நடந்தது. சகோதரிகளே, இது உங்களுக்காக.

1762 தொடங்கி 227 ஆண்டுகளாக அந்தப் பட்டையை அணிந்த பெண் ஒருவர்கூட இல்லை. உணவு சமைத்தவர்கள் பெண்கள், உடை தைத்தவர்கள் பெண்கள், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர்கள் பெண்கள். முன்னால் நடக்க மட்டும் ஆண்! டோரதி ஹேடன் கடஹே என்ற அம்மையார் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வானொலிக்காரர். தம் தந்தையாரோடு தொடங்கி, அயர்லாந்துப் பாட்டும் ஊர்ச் செய்தியும் சொல்லும் நிகழ்ச்சியைப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். ஊரை விட்டு வந்தவர்களுக்கு வானொலியில் தாய்நாட்டுப் பாட்டு கேட்பது எப்படிப்பட்ட ஆறுதல் என்பதை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கில்கென்னி மாவட்டச் சங்கத்துக்கும் தலைவியாக இருந்தார். ஊர்வலத் தலைமைக்கு அவர் முன்பும் முயன்றதுண்டு. ஆனால் ஆண்களுக்கே உரிய பழைய சங்கமொன்றில் உறுப்பினராயில்லை என்பது தடையாக நின்றது. பெண்ணைச் சேர்க்காத சங்கத்தில் பெண் எப்படி உறுப்பினராவது? நல்ல வேடிக்கை! அம்மையார் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. விடாமல் முயன்று 1989இல் வென்றார். அந்த மார்ச்சில் ஐந்தாவது அவென்யூவில் முன்னால் நடந்தவர் ஒரு பெண்மணி.

பத்தாண்டுக்குப் பிறகு, 1999இல், இரண்டாவது பெண் தலைவியாக நடந்தவர் நடிகை மோரீன் ஓஹாரா. பழைய ஆங்கிலப் படங்கள் பார்த்தவர்களுக்கு அந்தச் செம்பட்டைக் கூந்தல் அழகியை நினைவிருக்கும். டப்ளின் நகரில் பிறந்தவர்.

வாசல் ஒருவருக்குத் திறந்தால், வெளியே நிற்கும் இன்னொருவர் கண்ணில் படுவார். 1991இல் ஒருபாலீர்ப்புடைய அயர்லாந்துக்காரர் சிலர், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தாமே, எங்கள் பெயரைச் சொல்லி நடக்க விடுங்கள் என்று கேட்டார்கள். அந்த ஆண்டு நகரின் மேயர் டேவிட் டிங்கின்ஸ், மேயருக்குரிய முன்வரிசையை விட்டுவிட்டு அவர்களோடு பின்னால் நடந்தார். அவர் நியூ யார்க்கின் முதல் கறுப்பின மேயர். கூட்டத்திலிருந்து அவர்மீது பீர் வீசப்பட்டது, வசைமொழி பொழிந்தது. அதன் பிறகு அந்தப் பதாகைக்குப் பல ஆண்டுகள் இடமில்லை. 2014இல் மேயர் டி பிளாசியோ ஊர்வலத்துக்கு வர மறுத்தார். கின்னஸ், ஹைனிக்கன் ஆகிய பீர் நிறுவனங்கள் தங்கள் ஆதரவைத் திரும்பப் பெற்றன. 2015இல் அத்தகைய குழு ஒன்று அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஊர்வலத்தலைவர் யார் தெரியுமா? கர்தினால் டோலன் ஆண்டகை! அடுத்த ஆண்டு, வட அயர்லாந்தின் சமாதான உடன்படிக்கை 1998இல் கையெழுத்தாகக் காரணமாயிருந்த ஜார்ஜ் மிட்செல் தலைமை தாங்கியபோது, இத்தனை காலம் போராடியவர்களின் சொந்தக் குழுவே பதாகையோடு நடந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2014இல் கோபித்துக்கொண்டு விலகிய ஹைனிக்கன் நிறுவனத்தின் அமெரிக்கத் தலைமை நிர்வாகி மேகி டிமோனி அம்மையார், பத்தே ஆண்டுகள் கழித்து 2024இல் அதே ஊர்வலத்துக்குத் தலைவியானார். மேயோ மாவட்டத்திலிருந்து கூடைப்பந்து விளையாட்டால் கல்லூரி உதவி பெற்று அமெரிக்கா வந்த பெண் அவர்.

என் மனத்தில் ஆழப் பதிந்தவர் 2017ஆம் ஆண்டின் தலைவர் மைக்கல் டௌலிங். லிமெரிக் மாவட்டத்தில் ஒரு கிராமம், கூரை வேய்ந்த குடிசை. மின்சாரமில்லை, குழாய்த் தண்ணீரில்லை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அம்மாவுக்குக் காது கேட்காது. கூலி வேலை செய்த அப்பாவை மூட்டுவாதம் முடக்கிப்போட்டது. இந்த வீட்டிலிருந்து பிள்ளை கல்லூரிக்குப் போவதா என்று ஊர் சிரித்தால்கூட ஆச்சரியமில்லை. அவரோ விடுமுறையில் நியூ யார்க் வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். சம்பாதித்ததில் படித்தார், தம்பி தங்கைகளுக்கும் அனுப்பினார். பிறகு பல்கலைக்கழக ஆசிரியர், மாநில அரசின் உயர் அதிகாரி என்று படிப்படியாக ஏறினார். முடிவில் நியூ யார்க் மாநிலத்தின் மிகப் பெரிய மருத்துவமனைத் தொகுதிக்கே தலைமை நிர்வாகியானார். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் நடந்த அதே சாலையில், முன்னால் நடந்தார்.

கடைசியாக ஒருவர். ஜேம்ஸ் காலஹன், பாரந்தூக்கி முதலிய கனரக இயந்திரங்களை இயக்கும் தொழிலாளர்களின் சங்கத்துக்குத் தலைவராயிருந்தவர். 2020ஆம் ஆண்டுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பட்டை தயார், உறவினர் தயார். மார்ச் மாதத்தில் கோவிட் வந்தது. பெரிய ஊர்வலம் நிறுத்தப்பட்டது. 1762 முதல் வந்த வழக்கம் அறுந்துவிடக் கூடாதே என்று ஒரு சிறு குழு மட்டும், ஊர் விழிப்பதற்கு முன் வெறிச்சோடிய சாலையில் நடந்துவிட்டுப் போனது. 2021லும் பெரிய ஊர்வலம் இல்லை. வேறொருவரைத் தேடாமல் அவருடைய இடத்தை அப்படியே வைத்திருந்தார்கள். 2022 மார்ச் 17 அன்று, இரண்டு வருடம் காத்திருந்த காலஹன் பட்டையை அணிந்துகொண்டு 44ஆம் தெருவிலிருந்து புறப்பட்டார்.