எருதுக்கு ஏற்ற நுகம்: பல சோடி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டு வயல்களிற் பெரும்பகுதி இன்று இயந்திரத்தினாலேயே உழப்படுகின்றது. ஆயினும், இயந்திரம் புதைந்துவிடும் ஆழ்சேற்று நிலங்களிலும், அது திரும்புதற்கு இடமில்லாத சிறு தோட்டத் துண்டுகளிலும், வண்டில் வேலையிலும் பயன்படுத்துவதற்காக எருதுகளையும் எருமைகளையும் வைத்திருப்போர் இன்றும் உளர். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, தொழுவில் எருது நிற்பதன் பெறுமதி நன்கு விளங்கிற்று.

இரண்டு மூன்று சோடிகளை வைத்திருக்கும் கமக்காரர் சிலர் அவை அனைத்துக்கும் ஒரே நுகத்தை மாறி மாறிப் பூட்டுகின்றனர். கலப்பையைப் பல சோடிகளுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நுகத்தை அவ்வாறு வைத்துக்கொள்ளுதல் நன்றன்று. பல குதிரைகளை வளர்ப்பவர் ஒன்றின் முதுகுக்குப் பொருந்திய சேணத்தை மற்றொன்றின் முதுகில் ஆராயாது ஏற்றமாட்டார். எருதின் கழுத்துக்கும் அவ்விதியே பொருந்தும்.

நுகம் தாங்கும் பாரம்

ஏரி எனப்படும் திமிலுக்கு முன்னே, கழுத்தின் மேல் நுகம் கிடக்கின்றது. எருது நடக்கும்பொழுது ஏரியின் முன்புறம் நுகத்தை முன்னோக்கித் தள்ளுகின்றது. கலப்பையின் பாரம் முழுவதும் அவ்விடத்துத் தோலின் மேலேயே தங்குகின்றது.

நல்ல தீனி பெற்ற எருது தன் நிறையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்களவான இழுவையை நெடுநேரம் தாங்க வல்லது. 250 கிலோகிராம் நிறையுள்ள எருதுக்கு இது 25 கிலோகிராம் ஆகும். நுகம் தோலைத் தொடுமிடம் 2 அங்குல அகலமும் 3 அங்குல நீளமும் உள்ளதாயின், 6 சதுர அங்குலத்தில் அப்பாரம் தங்கும். அப்பொழுது ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 4 கிலோகிராமுக்கு மேல் அழுத்தும். தொடுமிடம் 3 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ளதாயின், அழுத்தம் ஒன்றரைக் கிலோகிராமுக்கும் குறைவாகும். இழுக்கும் வேலை ஒன்றே. எருது படும் வருத்தமோ மூன்றிலொரு பங்காகின்றது.

பொருந்தாத நுகத்தால் வரும் நட்டம்

ஓரிடத்தில் மட்டும் அழுத்தம் மிகுமாயின், அவ்விடத்துத் தோலில் இரத்தவோட்டம் தடைப்படும். முதலிற் சூடும் வீக்கமும் தோன்றும். சேறும் வியர்வையும் படிந்து உராய்வதால் மயிர் உதிர்ந்து, தோல் உரிந்து, புண்ணாகும். பின்னர் ஈ மொய்த்துப் புழு வைக்கும். புண்பட்ட எருது நுகத்தைக் கண்டவுடன் பின்வாங்கும். தலையைச் சாய்த்து, கோணலாக இழுக்கும். இதனைச் சண்டித்தனம் என்று கருதி அடிப்போரும் உளர். நோவுள்ள எருதை அடிப்பதால் உழவு முன்னேறாது.

புண் ஆறுவதற்குப் பல நாட்கள் செல்லும். ஒன்று ஓய்ந்தால் அதன் துணையும் ஓய்ந்திருக்கும். வயலுக்கு நீர் வந்த பின்பு உழவு தாமதித்தால் விதைப்புப் பருவமும் தவறும். அன்றியும், படர்தாமரை போன்ற தோல்நோய் உள்ள மாட்டுக்குப் பூட்டிய நுகத்தைக் கழுவாது மற்றொன்றுக்குப் பூட்டினால், அந்நோய் அதற்கும் பரவக்கூடும்.

அளவெடுக்கும் முறை

எருதுகளைச் சமதரையில் நிறுத்தி, சோடி சோடியாகப் பின்வரும் மூன்று அளவுகளை எடுத்தல் வேண்டும். முடிச்சிட்ட நூலும் ஒரு தடியும் இதற்குப் போதுமானவை.

முதலாவது, நிலத்திலிருந்து நுகம் தங்குமிடம் வரையுள்ள உயரம். இவ்வளவில் இயன்றவரை ஒத்தவற்றையே சோடி சேர்க்க. உயரத்தில் வேறுபட்டவற்றைப் பூட்டினால் நுகம் சரிந்து, ஓரத்தால் கழுத்தை அழுத்தும்.

இரண்டாவது, நுகம் தங்குமிடத்திற் கழுத்தின் அகலம். கழுத்தின் இருபுறமும் நிற்கும் முளைகளுக்கும் கழுத்துக்கும் இடையே, பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி இருத்தல் வேண்டும். இடைவெளி குறைந்தாற் கழுத்தின் பக்கங்கள் உராயும். மிகுந்தால் நுகம் இங்குமங்கும் நகர்ந்து மேற்றோலைத் தேய்க்கும். பருத்த கழுத்துள்ள சோடிக்குச் செய்த நுகம் மெலிந்த கழுத்துள்ள சோடிக்குப் பொருந்தாமை இதனாலேயே.

மூன்றாவது, இரு கழுத்துகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம். நடக்கும்பொழுது உடல்கள் ஒன்றோடொன்று உராயாதிருத்தல் வேண்டும். காய்கறிப் பயிரின் வரிசைகளுக்கு இடையே களையகற்றும் கருவியை இழுக்கும் சோடிக்கு, இத்தூரம் வரிசை இடைவெளிக்கு ஒத்ததாகவோ அதன் இருமடங்காகவோ அமைதல் நன்று. இல்லையேல் எருதுகள் பயிரை மிதிக்கும்.

நுகத்தை அமைத்தல்

பூவரசு போன்ற நாருறுதியுள்ள மரத்தைத் தெரிந்தெடுக்க. கழுத்தின் மேற்படும் பகுதியை அகலமாகவும், கழுத்தின் வளைவுக்கு ஏற்பக் குழிவாகவும் செதுக்குவிக்க. விளிம்புகளை உருட்டி, உடைந்த கண்ணாடித் துண்டாற் சுரண்டி வழுவழுப்பாக்கி, எண்ணெய் பூசுக. ஆணித்தலையோ சிராயோ தோலிற் படுதல் கூடாது.

பொருந்தாத நுகத்தின் கீழே சாக்கை மடித்து வைத்தாற் போதும் என்று எண்ணுதல் தவறு. சாக்கு நனைந்து, சேறு படிந்து, நகர்ந்து, தானே தோலைத் தேய்க்கும். வடிவம் சரியான நுகத்துக்கே மெத்தை துணைசெய்யும். அதனையும் நாள்தோறும் கழுவி உலர்த்துதல் வேண்டும்.

பூட்டாங்கயிற்றுக்கும் தொண்டைக்கும் இடையே நான்கு விரல்கள் தடையின்றி நுழைதல் வேண்டும். அது இறுகினால் மூச்சு முட்டும்.

சோடியில் ஒன்று வலிமை குறைந்ததாயின், ஏர்க்காலைக் கட்டும் இடத்தை வலிய எருதின் பக்கமாகச் சிறிது நகர்த்துக. கழுத்துகளின் நடுப்புள்ளிகளுக்கிடைத் தூரம் 48 அங்குலமாயின், 2 அங்குலம் நகர்த்துவதால் பாரத்தின் 48 பங்கில் 26 பங்கு வலியதற்கும் 22 பங்கு மெலியதற்கும் சேரும். இளம் எருதைப் பழக்கும்பொழுதும் இம்முறை பயன்படும்.

எருமைக்கு ஏரி இல்லை, கழுத்தும் பருத்தது. ஆகவே எருதின் நுகம் எருமைக்கு உதவாது. நீரிற் கிடந்து ஊறிய தோல் எளிதில் உரியுமாதலால், எருமையின் கழுத்தைத் துடைத்து உலர்ந்த பின்பே பூட்டுக. எருமையையும் எருதையும் ஒரே நுகத்திற் பூட்டாதீர்.

சோதித்தல்

புதிய நுகத்தை முதல் நாளில் அரைமணி நேரம் மட்டும் பூட்டி, பின் கழற்றிப் பார்க்க. வியர்வை படிந்த தடம் இரு எருதுகளிலும் ஒரே சீராக இருப்பின் நுகம் பொருந்தியுள்ளது. ஓரிடத்தில் மட்டும் மயிர் கலைந்திருப்பினும், கை வைத்தவுடன் எருது சுளித்து விலகினும், அவ்விடத்துக்கு மேலுள்ள மரத்தை மீண்டும் செதுக்குவிக்க.

எருதின் உடல் எப்பொழுதும் ஒரே அளவில் இராது. வறட்சியில் மெலியும், புல் மலிந்த காலத்திற் கொழுக்கும். ஆகவே பெரும்போகத் தொடக்கத்திலும் சிறுபோகத் தொடக்கத்திலும் அளவுகளை மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு நுகத்திலும் அதற்குரிய சோடியின் அடையாளத்தைப் பொறித்துவைத்தால், கூலியாள் பூட்டும்பொழுதும் மாறிவிடாது.

புண் ஏற்பட்டால்

புண்பட்ட எருதை உடனே வேலையிலிருந்து நீக்குக. கொதித்தாறிய உப்பு நீராற் புண்ணைக் கழுவுக. ஈ மொய்க்காதிருக்கப் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் பூசுக. வண்டில் மசகைப் புண்ணில் இடுதல் தீங்காகும். புழு வைத்தாலோ வீக்கம் தணியாவிட்டாலோ அரசாங்க மிருக வைத்தியரிடம் காட்டுக. புண் ஆறியபின், அதனை உண்டாக்கிய நுகத்தைத் திருத்தாது மீண்டும் பூட்டினால் புண்ணும் மீண்டும் வரும்.

இன்னொரு நுகம் செய்வதற்கு ஒரு மரத்துண்டும் தச்சனின் கூலியுமே செலவாகும். அதனை உழவு தொடங்குமுன் செய்வித்துக்கொள்க.