மருந்து தடவிய பலூன்: "ஸ்டென்ட் வைக்காம ஏமாத்திட்டாங்களா?"

தாம்பரம், சேலையூர் பக்கம் காலை நடை போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "எனக்கு ரெண்டு ஸ்டென்ட் சார்" என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். அப்படி ஒருவர் சமீபத்தில் ரொம்பக் கோபமாக இருந்தார். வைத்த ஸ்டென்ட்டே அடைத்துக்கொண்டதாம். "புதுசா ஸ்டென்ட் வைக்காம, பலூனை மட்டும் ஊதி அனுப்பிட்டாங்க. பில் மட்டும் குறையல!"

டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தேன். ஊதியது வெறும் பலூன் இல்லை, மருந்து தடவிய பலூன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

இதய ரத்தக்குழாயில் முதன்முதலில் பலூன் ஊதியவர் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக், 1977-இல் சூரிக்கில். அவரிடம் கற்றுவந்த மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் நம்ம சென்னை அப்போலோவில் செய்தார். வெறும் பலூனில் ஒரு தொல்லை: விரிந்த குழாய் சில மாதங்களில் மறுபடி சுருங்கும். அதற்கு முட்டுக்கொடுக்க வந்ததுதான் ஸ்டென்ட். ஆனால் கம்பி வலைக்கு உள்ளேயும் தசை செல்கள் வளர்ந்து அடைக்கும். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் இது குறைந்தது, ஒழியவில்லை. அடைத்த ஸ்டென்ட்டுக்குள் இன்னொன்றை வைத்தால் உலோகத்துக்குள் உலோகம், குழாயின் உள்ளளவும் குறையும்.

இங்கேதான் இந்தப் பலூன். முதலில் சாதாரண பலூனால் அடைப்பை நன்றாக விரிக்கிறார்கள். பிறகு மருந்துப் பலூனை அரை நிமிடம், ஒரு நிமிடம் ஊதிப் பிடிக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். போகிற வழியில் ரத்தத்தில் கரைந்துவிடவும் கூடாது. ஜெர்மனியின் ஷெல்லர், ஷ்பெக் இருவரும் ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயத்தையே மருந்தோடு கலந்து இதைச் சமாளித்தார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். மருந்து பாக்லிடாக்சல், யூ மரப்பட்டையிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து. செல் பெருகுவதைத் தடுப்பதுதானே இங்கேயும் வேலை! சூரத்தில் ஒரு நிறுவனம் சிரோலிமஸ் தடவிய பலூனும் தயாரிக்கிறது.

2006-இல் வெளியான அவர்களின் ஆய்வு சின்னது, 52 பேர்தான். ஆறு மாதத்தில் மறு அடைப்பு சாதாரண பலூனில் 43 சதவீதம், மருந்துப் பலூனில் 5. அமெரிக்கா இதய ரத்தக்குழாய்க்கு இதை அனுமதித்தது 2024 மார்ச்சில்தான், அதுவும் அடைத்த ஸ்டென்ட்டுக்கு.

அதற்காக எல்லாருக்கும் பலூனே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். சிறிய குழாய்களில் ஸ்டென்ட்டுக்கு ஈடாக நின்றிருக்கிறது. ஆனால் புது அடைப்புள்ள 2,272 பேரிடம் சீனாவில் நடந்த ஆய்வில், இரண்டு வருடத்தில் இதய மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை என்று சிக்கியவர்கள் பலூன் பக்கம் 6.4 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 3.4. விரிக்கும்போது குழாய்ச்சுவர் மோசமாகக் கிழிந்தாலும் ஸ்டென்ட்தான் வழி.

பில் விஷயம்: 2017 பிப்ரவரியில் அரசு கொண்டுவந்த விலை உச்சவரம்பு ஸ்டென்ட்டுக்கானது. ஆகவே பலூன் விலையை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உள்ளே கம்பி இல்லையே என்று ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.