புதிதாக வாங்கிய லெப்பர்ட் கெக்கோ சாப்பிடவில்லையா? பூச்சியை எண்ணாதீர்கள், எடையைப் பாருங்கள்

வாங்கி வந்து நாலு நாள் ஆகிறது. கிண்ணத்தில் போட்ட புழு அப்படியே நெளிந்துகொண்டிருக்கிறது. பல்லியோ மறைவிடத்தை விட்டு வெளியே தலைகாட்டவே இல்லை. லெப்பர்ட் கெக்கோ எனப்படும் சிறுத்தைப் பல்லியை முதல்முறையாக வளர்ப்பவர்கள் பலரும் பதறிப்போகும் கட்டம் இதுதான்.

ஆனால், புது இடத்துக்கு வந்த கெக்கோ சில நாட்கள் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. பதற்றத்தில் நாம் செய்வதுதான் பல நேரம் பிரச்னையைப் பெரிதாக்குகிறது. மணிக்கொரு தடவை பெட்டியைத் திறப்பது, கையில் எடுத்து வாயருகே பூச்சியை நீட்டுவது, வாயைத் திறந்து திணிப்பது என எதைச் செய்தாலும், 'இங்கே ஆபத்து இருக்கிறது' என்றுதான் அந்தப் பிராணி புரிந்துகொள்ளும். திணிப்பதால் தாடை காயப்படலாம், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம்.

முட்டையிலிருந்து வந்து சில மாதங்களே ஆன குட்டிகள் ஒரு வாரத்துக்கு மேல் சாப்பிடாவிட்டால் கவனிக்க வேண்டும். வளர்ந்த, வால் தடித்த கெக்கோவுக்கு இரண்டு வாரம் தாங்கும். காரணம் அந்த வால்தான். ஒட்டகத்துக்குத் திமில் மாதிரி, இது கொழுப்பைச் சேர்த்துவைப்பது வாலில்.

இது நம் வீட்டுப் பல்லி இல்லை

யூப்ளெஃபாரிஸ் மாக்குலேரியஸ் என்பது இதன் அறிவியல் பெயர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட, பாறை நிறைந்த நிலம்தான் இதன் பூர்வீகம். சுவர்ப் பல்லிக்கு இல்லாத கண் இமை இதற்கு உண்டு, கண் சிமிட்டும். விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, கண்ணாடியில் ஏறாது. பகலில் பாறை இடுக்கில் பதுங்கியிருந்து, பொழுது சாயும்போது இரை தேடக் கிளம்பும். காலை பத்து மணிக்குப் புழு வைத்துவிட்டு, 'தொடவே இல்லையே' என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. இரை வைக்க வேண்டிய நேரம் அந்தி.

முதலில் பார்க்க வேண்டியது சூடு

சாப்பிடாத கெக்கோவுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது வெப்பநிலையைத்தான். இதன் உடல் தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. வயிற்றுக்குப் போன பூச்சி செரிக்கவே வெளியிலிருந்து சூடு வேண்டும். குளிர்ந்த பெட்டியில் பசியே எடுக்காது. எடுத்துச் சாப்பிட்டாலும் செரிக்காமல் கக்கிவிடும்.

பெட்டியின் ஒரு பக்கம் தரையின் மேற்பரப்பு 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுபக்கம் 24 முதல் 26 டிகிரி போதும். எப்போது எங்கே போக வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். பெட்டியின் சுவரில் ஒட்டும் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். தரையில் வைக்கும் சென்சார் உள்ளதை வாங்குங்கள். வெப்பப் பாயை தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டவே கூடாது, வயிறு வெந்துபோகும். கடைகளில் விற்கும் 'சூடாகும் கல்'லும் அதே ரகம்தான்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் எப்படிச் சூடேற்றுவது என்பதைப் பற்றியே பேசுகின்றன. மே மாதம் 38 டிகிரியைத் தாண்டும் அறையில் நமக்குள்ள சிக்கல் தலைகீழ். குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இருக்காது. 35 டிகிரிக்கு மேல் நீடித்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத இடத்தில், உயரமான அலமாரியில் இல்லாமல் தாழ்வாகப் பெட்டியை வையுங்கள். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவையுங்கள். டெல்லி, லக்னோ பக்கம் ஜனவரியில் கதை வேறு. அறை குளிர்ந்தால் கெக்கோவும் மந்தமாகி, சாப்பாட்டைக் குறைத்துவிடும்.

சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் தேவை. ஈரமான டிஷ்யூ வைத்த மூன்றாவது ஒன்றும் இருந்தால் தோல் உரிக்க உதவும். உடல் வெளுத்துத் தெரிகிறதா? தோல் உரிக்கப் போகிறது. அந்த ஓரிரு நாள் சாப்பிடாது. உரித்த தோலை அதுவே தின்றுவிடும், பயப்பட வேண்டாம். தரைக்கு மணல் வேண்டாம், டிஷ்யூ பேப்பரே போதும். மணல் வயிற்றுக்குள் போனால் குடல் அடைபடலாம். பேப்பரில் எச்சம் விழுந்ததா என்றும் எளிதாகத் தெரியும்.

எதை, எப்படிக் கொடுப்பது?

முதல் நாள் தண்ணீர் மட்டும். இரண்டாம், மூன்றாம் நாள் அந்தியில் இரண்டு மூன்று பூச்சி விடுங்கள். விற்றவர் எதைக் கொடுத்துப் பழக்கினார் என்று கேட்டு, அதையே முதலில் கொடுங்கள். பூச்சியின் அளவு கெக்கோவின் இரு கண்களுக்கு இடையிலான அகலத்தைத் தாண்டக் கூடாது. இது அசைவைப் பார்த்து வேட்டையாடும் பிராணி. கிண்ணத்தில் சோம்பிக்கிடக்கும் மீல்வார்ம் புழு கண்ணில் படாமலே போகலாம். இடுக்கியால் பிடித்து மெல்ல ஆட்டிக் காட்டலாம், அல்லது ஓடும் கிரிக்கெட் பூச்சியை விடலாம். இருபது நிமிடத்தில் பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க உள்ளே விட்டால் கிரிக்கெட் பூச்சி கெக்கோவையே கடிக்கும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், பூச்சிமருந்து பட்டிருக்கலாம். மின்மினி கண்டிப்பாகக் கூடாது, அதிலுள்ள நஞ்சு பல்லிகளைக் கொல்லக்கூடியது. காய்கறி, பழம், சோறு எதுவும் இதற்கு ஆகாது. உயிருள்ள பூச்சிகளை வீட்டில் வைத்திருக்கச் சம்மதமில்லை என்றால், வேறு பிராணியைப் பார்ப்பதே நியாயம். பூச்சிகளில் கால்சியம் குறைவு என்பதால் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு மென்மையாகி வளைந்துவிடும்.

கிராம் கணக்கு

வளர்ந்த கெக்கோ பொதுவாக 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவோடு சேர்த்து நிறுத்தி, டப்பா எடையைக் கழியுங்கள். தினமும் வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும். ஒரு தடவை எச்சம் போட்டாலே எடை மாறும், தினசரி ஏற்றஇறக்கம் வீணாகப் பயமுறுத்தும்.

வந்த அன்று 60 கிராம், பத்து நாள் கழித்து 59 என்றால் கவலை இல்லை. 54-க்கு வந்துவிட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, மருத்துவரிடம் போகும் நேரம். பத்து கிராம் குட்டிக்கு ஒரு கிராம் குறைந்தாலே அதே கணக்கு. எடை எவ்வளவு இருந்தாலும் வால் மெலிவது, கக்குவது, தண்ணீராகக் கழிவது, வாய் வீங்குவது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி வாலைக் குச்சியாக்கிவிடும். மற்ற கெக்கோக்களுக்கும் பரவும், உறுதியான மருந்து கிடையாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர்கள் எல்லா ஊரிலும் இல்லை. யாரிடம் போவது என்பதை வாங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். புதிய எச்சத்தை ஒரு டப்பியில் எடுத்துப் போனால் பரிசோதிக்கலாம்.

எங்கிருந்து வந்தது?

காட்டில் பிடித்ததாக இருந்தால் ஒட்டுண்ணிகளோடு வந்திருக்கலாம், மனிதர் அருகில் சாப்பிடவும் மறுக்கும். அதைவிட முக்கியமாக, இந்தியாவுக்கே உரிய சிறுத்தைப் பல்லிகள் இருக்கின்றன. சாத்புரா மலைப்பகுதியில் வாழும் இனம் 2014-இலும், கிழக்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இன்னொன்று 2022-இலும்தான் தனி இனங்களாக அடையாளம் காணப்பட்டன. காட்டில் பிடித்ததை விலைகொடுத்து வாங்காதீர்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களும் அதற்குள் வந்துவிட்டன. அவற்றை வளர்ப்போர் பதிவு செய்வதற்கான விதிகள் 2024-இல் வந்தன. உங்களிடம் விற்கப்படும் பல்லிக்கு என்ன ஆவணம் தேவை என்று வனத்துறையில் கேளுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

எப்போது கையில் எடுக்கலாம்?

தொடர்ந்து மூன்று நான்கு தடவை தானாக இரை பிடித்த பிறகு. முதலில் கையைப் பெட்டிக்குள் அசையாமல் வையுங்கள், அது ஏறி வரட்டும். ஐந்து நிமிடம் போதும். வாலைப் பிடிக்கவே கூடாது, கழன்று விழுந்துவிடும். மறுபடி வளரும் என்றாலும் அதில் சேர்த்துவைத்த கொழுப்பு போனது போனதுதான். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஆரோக்கியமான பல்லியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தைகள் இருந்தால் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்தை சமையலறை சிங்க்கில் கழுவவும் வேண்டாம்.